கல்லுக்கும் சுவருக்கும் நடுவே

ரைஸ் மில் சுவரை நோக்கி, வெயிலில் லாரி ஒன்று பின்வாங்கி நிற்கிறது. போன மாதம் இதே சுவரில்தான் மூட்டை தூக்கும் வரதனைப் பின்வாங்கிய லாரி நசுக்கிக் கொன்றது. இப்போது சக்கரத்தைத் தடுக்கக் கருங்கல் பதிக்கிறார்கள். அவன் மனைவி கோவிந்தம்மாள் சாந்து சுமக்கிறாள். "பின்னால ஓராளுக்கு எடம் கீது, போதும். இங்கியே கல்லப் போட்டுறலாம்," என்கிறார் மேஸ்திரி. அவள் கூடையை இறக்குகிறாள். தவிட்டு மூட்டை ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு லாரிக்கும் சுவருக்கும் நடுவில் நுழைகிறாள். மூட்டை சுவரில் உரசுகிறது. "பத்தாது மேஸ்திரி. அவுரு என்னெவுட அகலம்." "அவன்தான் இல்லியேம்மா." "இனிமே நிக்கப் போறவனும் எவளோ ஒருத்தி வூட்டுக்காரன்தானே?" டிரைவர் வண்டியை ஒரு முழம் முன்னே எடுக்கிறான். மேஸ்திரி சக்கரத்தடியில் கோடு கிழிக்கிறார். "போதும், வெளிய வா." மூட்டையை நழுவவிட்டவள் வரவில்லை, சுவரில் கறையை மறைக்கப் புதுச் சுண்ணாம்பு அடித்த இடத்தில் கன்னத்தைப் பதித்து நிற்கிறாள்.