கேள்விக்குறி நின்ற இடம்

ஹலீம் பாயை ஜெயபாண்டி கடைசியாக உயிரோடு பார்த்தது, அவரிடம் சிடுசிடுத்த அந்தச் சாயங்காலம்தான்.

காளவாசலில் பள்ளிகளுக்கு அடையாள அட்டை அடித்துக் கொடுக்கும் கடை ஜெயபாண்டியுடையது. கம்ப்யூட்டர் வேலை பாய் பொறுப்பு. மறுநாள் டெலிவரி. பாயோ பிரிண்டை நிறுத்திவிட்டு நிரலில் ‘ரெகெக்ஸ்’ என்கிற ஒரே ஒரு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளி அனுப்பும் பெயர்களிலிருந்து இனிஷியலைத் தனியாகப் பிடித்துக் கொடுக்கும் வரி அது. பிடிக்க ஒரு அடைப்புக்குறி. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி: இனிஷியல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று அர்த்தம்.

“ஓடுற வண்டிய எதுக்கு பாய் பிரிச்சுப் போடுறீங்க?”

“கேள்விக்குறி வெளிய நிக்கிது மாப்ள. அடைப்புக்கு உள்ள கொண்டு போகணும்.”

“இனிஷியல் இல்லைன்னா ரெண்டும் காலிதான?”

“வெளிய நின்னா, ஆளே வரலைங்கும். உள்ள நின்னா, ஆளு வந்தாரு, கையில ஒண்ணுமில்லைங்கும். ரெண்டும் ஒண்ணில்ல.”

“மொதப் பக்கத்த நானே பார்த்துட்டேன். சுத்தமா இருக்கு.”

அட்டைகளுக்குக் கயிறு கோக்கும் தங்கப்பொண்ணு சிரித்தாள். “பாய்க்கு வீட்டுக்குப் போக மனசில்லண்ணே.”

ஏதோ சொல்ல வந்த பாய் அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். “மாத்திட்டேன். வாரேன் மாப்ள.”

விடிவதற்குள் பாய் மௌத்தான செய்தி வந்தது. நெஞ்சுவலி.

கோரிப்பாளையத்தில் அடக்கம் முடிந்து திரும்பினால் பள்ளியிலிருந்து போன். “அட்டை இன்னைக்கு வரலைன்னா வேற கடையப் பார்த்துக்கிறோம்.”

கடைசி நேரத்தில் கைவைத்த வரியை நம்ப ஜெயபாண்டிக்குப் பயம். கேள்விக்குறியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினான். கேட்க ஆளில்லாததால், இம்முறை எல்லாப் பக்கத்தையும் திரையில் பார்த்தான்.

கா. மீனா. பா. ராம்கி.

None சத்யப்ரியா.

‘யாருமில்லை’ என்று ஆங்கிலத்தில், பிள்ளையின் பெயருக்கு முன்னால்.

கேள்விக்குறியை உள்ளே நகர்த்தினான். அந்தச் சொல் மறைந்தது. மீனா அசையவில்லை, ராம்கி அசையவில்லை. வெளியே நகர்த்தினான், வந்தது. உள்ளே, போனது. இம்புட்டூண்டு குறி.

உள்ளேயே விட்டுவிட்டு பிரிண்ட் போட்டான்.

வெளியே வந்த அட்டைகளில் ஒன்றைத் தங்கப்பொண்ணு எடுத்துச் சேலையில் துடைத்தாள்.

“எம் மகளுதுண்ணே. அப்பன் பேரு ஒட்டவே கூடாதுன்னு சண்டை போட்டுல்ல பள்ளிக்கூடத்துல சேர்த்தேன். பாய்க்கு மட்டுந்தான் தெரியும்.”

ஜெயபாண்டி திரையை அணைத்தான்.

“நேத்து என்னண்ணே அம்புட்டு நேரம் மாத்துனாரு பாய்?”

“ஒண்ணுமில்லம்மா,” என்றான்.

அட்டையில் ‘சத்யப்ரியா’ என்று மட்டும் இருக்கிறது.