மெதுவாக நடந்த ப்ராசஸர்

ஒரு லினக்ஸ் லேப்டாப்புக்குள் ப்ராசஸரும் ஃபேனும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தார்கள். லேப்டாப்காரி மலர்க்கொடி, சூட்டைக் கவனித்து ஃபேனைச் சுற்றவிட ஒரு புரோகிராம் போட்டிருந்தாள். அது போதாதோ என்று இன்னொன்றையும் போட்டாள்.

அன்று ப்ராசஸர் கொதித்தது. "தம்பி, தூங்கிட்டியா?"

"இல்லண்ணே. ஒரு புரோகிராம் சுத்துங்குது, இன்னொண்ணு நில்லுங்குது. நான் யார் பேச்சைக் கேக்குறது?" என்றது ஃபேன்.

இன்னும் கொஞ்சம் சூடேறினால் லேப்டாப் பட்டென்று அணைந்துவிடும். மலர்க்கொடி காலையிலிருந்து எழுதிய பள்ளி நாடகம், சேமிக்காமலே போய்விடும். ஃபேன் கண்ணை மூடிக்கொண்டது.

ஒன்றும் அணையவில்லை. குதிரையாய் ஓடிக்கொண்டிருந்த ப்ராசஸர், நிறைமாதக்காரி போல மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்தது. சூடு அதற்குமேல் ஏறாமல் நின்றது.

"அண்ணே, யாரு சொல்லி வேகத்தைக் குறைச்சீங்க?"

"சூடு என்னோடதுதானே. யார் சொல்லணும்?"



திரை ஊர்ந்து நகர்வதைப் பார்த்த மலர்க்கொடி, முதலில் நாடகத்தைச் சேமித்தாள். பிறகு ஃபேன் சுற்றாததைக் கவனித்து, இரண்டு புரோகிராமில் ஒன்றை நீக்கினாள். ஃபேன் சர்ரென்று சுற்றியது.

"அப்பாடா, ஃபேன்தான் காப்பாத்துச்சு" என்றாள்.

ஃபேன் கூச்சத்தோடு திரும்பியது. "அண்ணே, அவங்க என்னைப் போய்…"

"வேலை கிடக்கு தம்பி, நீ சுத்து" என்று ப்ராசஸர் மறுபடி ஓட ஆரம்பித்தது.