ஜெபவேளைச் சங்கு

முதல் சங்கு ஊதியாகிவிட்டது. வீடுகளில் ஜெபம் முடிந்து மறுசங்கு ஊதும்வரை எங்கள் சமோவா கிராமத்தில் யாரும் நடக்கக் கூடாது. காவலுக்கு நிற்கும் மலாகி தடியைக் குறுக்கே நீட்டுகிறான். சிமியின் தோளில் அவன் மகள் லூசியாவின் மூச்சு விசிலடிக்கிறது. ஆஸ்பத்திரி விளக்கு இங்கிருந்தே தெரிகிறது. “விடுடா மலாகி, புள்ளைக்கு மூச்சு முட்டுது.” “கடவுளுக்குப் பத்து நிமிஷம் குடுக்க வலிக்குதா மச்சான்? மீறிப் போனா குடும்பத்தோட ஊரைவிட்டுத் தள்ளிடுவாங்க. உக்காரு, நானே ஜெபிக்கிறேன்.” சிமி மண்ணில் உட்காருகிறான். வீடுகளிலிருந்து தேவ இரக்கத்தைப் பற்றிய பாட்டு வருகிறது. மலாகி தடியை விலக்காமல், மறுகையைப் பிள்ளையின் தலையில் வைத்து உருக்கமாக வேண்டுகிறான். இரவு வேலைக்குக் கிளம்பி வழியில் நின்றுவிட்ட நானும் கண்ணை மூடி நிற்கிறேன். பாட்டு ஓய்கிறது. விசில் சத்தமும் இல்லை. மறுசங்கு ஊதுகிறது. “ஆமென். இப்பப் போ,” என்று மலாகி தடியை எடுக்கிறான். சிமி எழவில்லை.