சாயாக் கடைக்கு மூன்று நாற்காலிகள்

ஸ்டுடியோ கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது அணையும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது.

ரெனி வெளியே நின்று ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

திருவனந்தபுரத்தின் அந்தப் பாட்டு வானொலி நாளை முதல் தொலைக்காட்சியிலும் வருகிறது. முதல் நிகழ்ச்சி, சாலை பஜார்க் கடைக்காரர்களெல்லாம் காலையில் கேட்டுச் சிரிக்கும் 'சாயாக் கடை'. இயக்குபவள், புதிதாகச் சேர்ந்த ரெனி. அந்தக் கடையில் பேசும் மூன்று பேரும் இன்றைக்குள் கேமரா முன்னால் வரச் சம்மதிக்காவிட்டால் நிகழ்ச்சி கிடையாது என்று தொலைக்காட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள்.

மூவரில் ஒருவரைக்கூட அவள் பார்த்ததில்லை. போனில் அழைத்தால் எடுப்பதில்லை. நிலையத்தில் யாரைக் கேட்டாலும், "பாட்டு ஓடும்போது உள்ள போய் நீங்களே கேளுங்க மேடம்" என்று சிரித்தார்கள்.

ஆனால் யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பதைக் காதாலேயே கண்டுபிடித்திருந்தாள். கடைக்காரி செல்லபாயின் மூச்சுகூடக் கேட்கிறது. அப்படியானால் மைக்குக்கு நேர் எதிரே. ஆட்டோக்காரர் தங்கப்பனின் குரல் சுவரில் பட்டுத் திரும்புகிறது. கொஞ்சம் தள்ளி, இடப்பக்கம். கல்லூரிப் பெண் ரேஷ்மியின் குரலில் லேசான முழக்கம். மூலையில்தான் இருக்க வேண்டும். அதே இடங்களில் செட்டில் மூன்று நாற்காலிகள் போட்டாயிற்று.

"செல்லபாயி, இது சாயாவா, சுடுவெள்ளமா?" ஹெட்போனில் தங்கப்பன்.

"உம்ம ஓட்டோ கழுவின வெள்ளம்தான் வே. மிண்டாம வாயை மூடிட்டுக் குடியும்!"

ரேஷ்மி களுக்கென்று சிரித்தாள்.

இவ்வளவு சண்டையிலும் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு விழவே இல்லை. எத்தனை வருடப் பழக்கமோ என்று ரெனி வியந்தாள்.

பாட்டு தொடங்கியது. விளக்கு அணைந்தது. கதவைத் திறந்தாள்.

மைக் முன்னால் ஒரே ஒரு பெண். இசக்கிசெல்வி என்றது கழுத்தில் தொங்கிய அட்டை. அவள் வாயருகே பிடித்திருந்த காலி எவர்சில்வர் டம்ளருக்குள்ளிருந்து ரேஷ்மியின் மிச்சச் சிரிப்பு வந்தது.

டம்ளரை இறக்கினாள். முகத்தை இடப்பக்கச் சுவருக்குத் திருப்பினாள்.

"யாரைத் தேடுதிய மோளே?" என்றார் தங்கப்பன்.

பிறகு ரெனியை நேராகப் பார்த்தாள். அவளுடைய சொந்தக் குரல் மிகவும் சிறியதாக இருந்தது.

"மூணு பேருக்கும் வேற ஆள் எடுத்துட்டீங்களா சேச்சி?"

ரெனி செட்டுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, ரெண்டு நாற்காலியை எடுத்துருங்க. கேமரா மட்டும் ஆளுக்கு ஒண்ணா மூணு வேணும்."