வற்றிய குளத்துக்கு வரி

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் மீசையைச் சிரைத்துவிடுங்கள்! செக்கிழுத்த எருமை மூக்காயிக்குக் கூலி புண்ணாக்கு; சலுகையாகக் குளிக்க ஒரு குளம். அந்தக் குளத்துக்கு வரியென்று பாதிப் புண்ணாக்கைக் காட்டு ராஜாங்கம் பிடித்துக்கொண்டது. குளம் வற்றிய பிறகும் பிடித்தம் நிற்கவில்லை. அரை வயிற்றில் பால் எங்கே சுரக்கும்? கன்று கத்தியது.

"போய்க் கேளேன் அக்கா," என்றது முதுகிலிருந்த கொக்கு.

"ராஜாங்கத்துக்குத் தெரியாததாடி?"

"குளம் வற்றியதை யார் சொன்னது? நீ சொன்னாயா?"

மூக்காயி விழித்தாள். அவள் யாரிடமும் சொல்லவேயில்லை.

மறுநாள் வரி வசூலிக்கும் நரியின் முன்னால் போய் நின்று, குளம் வற்றியதைச் சொன்னாள். நரி அவள் முதுகைத் தட்டிப் பார்த்தது. சேற்றுக்குப் பதில் புழுதி பறந்து, நரி தும்மித் தீர்த்தது. "முதலிலேயே வந்திருக்கக்கூடாதா, தாயே!"

பிடித்ததெல்லாம் மூட்டையாகத் திரும்பி வந்தது. கன்றின் வாயெல்லாம் பால்நுரை.

இந்தக் கதையைச் சொன்னது நான்தான் என்று மூச்சுவிடாதீர்கள். நரி என் வாய்க்கும் வரி போட்டுவிடும்!