வராத பஸ்

றோசமலர் மூக்கை உறிஞ்சினாள். அவளுக்குப் பின்வரிசையில் இன்னும் இரண்டு பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மாதா கோயில் மண்டபத்தின் ஓரத்தில், வீடியோ டெக்குக்குக் காவல் நின்ற பேனாட் அவர்களையே பெருமையோடு பார்த்தான்.

தொலைக்காட்சிப் பெட்டியில் அவனுடைய முதல் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான், பஸ் வரவில்லை. கதை அவ்வளவுதான்.

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் பேனாட்டுக்கு வேலை, ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வயதான தகப்பனைப் பார்த்துக்கொள்வது. தொண்ணூற்றாறில் ஒருநாள் அந்தக் கிழவரைச் சக்கர நாற்காலியில் வைத்து சினிமாக் கழகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். அங்கே இலங்கையில் எடுத்த குறும்படங்களைப் போட்டார்கள். பாட்டில்லை, சண்டையில்லை, ஒரு மனுசன் கிணற்றைப் பார்த்தபடி நின்றான், நின்றுகொண்டே இருந்தான். இத்தாலியர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். நித்திரையிலிருந்த கிழவரும் திடுக்கிட்டு விழித்துத் தட்டினார்.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துவந்த கமராவைத் தூக்கிக்கொண்டு, போர்கோ வெக்கியோ பகுதியில் இதே கோயிலுக்கு எதிரே இருந்த பஸ் தரிப்பில் போய் நின்றான். ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்து வெயில்தான் முகத்தில் சோகத்தைக் காட்டும் என்பது அவன் கண்டுபிடிப்பு. கதாநாயகனாக, கத்தானியா ஊரிலிருந்து விதுரன் என்றொரு அழுமூஞ்சியை வரவழைத்து வாரக்கணக்கில் அங்கேயே நிறுத்தி வைத்தான்.

மனைவி அமலினி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“எங்கடை சனம் பாட்டில்லாத படம் பாக்காது. பாதியிலை ஒரு ஆள் எழும்பிப் போனாலும் கமராவை வித்துப்போட்டுத் தையல் மெஷின் வாங்குவன். சம்மதமோ?”

“ஓம், சம்மதம்” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டான். அன்று முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது படம் பாதியைத் தாண்டிவிட்டது. ஒருவர்கூட அசையவில்லை. இல்லை, அசைந்தார்கள், விதுரன் இந்தப் பக்கம் சாய்ந்தால் மண்டபமே அந்தப் பக்கம் சாய்ந்தது. படத்தோடு எப்படி ஒன்றிவிட்டார்கள் என்று பேனாட் பூரித்துப் போனான்.

முன்வரிசையில் ஒரு பொடியன் சலம் போகவேணும் என்று முனகினான். தாய் சுஜானி அவனைப் பிடித்து இருத்தினாள்.

“பொறடா, இப்ப வந்திடும்!”

பஸ் வராது என்பது பேனாட்டுக்குத் தெரியும். இவ்வளவு நம்பிக்கையோடு இருக்கிறாளே என்று பாவமாக இருந்தது.

திரையில் விதுரன் பெருமூச்சு விட்டான். அருளம்பலம் அண்ணர் சடாரென்று எழுந்தார். கமரா போச்சு என்று பேனாட் நினைத்தான்.

“ஐயோ, திருப்பிப் போடு தம்பி, திருப்பிப் போடு!”

பேனாட் ரிவைண்ட் பண்ணிப் போட்டான். விதுரன் மறுபடியும் பெருமூச்சு விட்டான். “இன்னொருக்கா, மெல்லமா விடு!” என்றது சனம். மெல்ல விட்டபோது கை தட்டல் கூரையைத் தொட்டது. ஒரு பெருமூச்சுக்கு இத்தனை மரியாதையை அந்தச் சினிமாக் கழகத்தில்கூட அவன் கண்டதில்லை.

படம் முடிந்தது. பஸ் வரவில்லை. ஒருவரும் எழும்பிப் போகவுமில்லை. பேனாட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அமலினியைப் பார்த்தான்.

“சரி, கமரா இருக்கட்டும்” என்றாள் அவள், தன் கண்களையே நம்பாதவளாக.

றோசமலர் சிவந்த கண்ணோடு ஓடி வந்தாள். “பேனாட் அண்ணை, எனக்கொரு கொப்பி அடிச்சுத் தாங்கோ. மன்னாருக்கு அனுப்பவேணும். அம்மா கண்ணை மூட முன்னம் ஒருக்காப் பாக்கட்டும்.”

லண்டனுக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று என்று ஆளாளுக்கு மொய்த்துக் கேட்டார்கள். தன் கலை கடல் தாண்டப் போகிறதென்று பேனாட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசியாக அருளம்பலம் வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“சோக்கான படம், தம்பி. ஒரேயொரு குறைதான்.”

“சொல்லுங்கோ அண்ணை” என்றான் பேனாட், பெரிய இயக்குநருக்குரிய அடக்கத்தோடு. “அடுத்த படத்திலை திருத்திவிடுறன்.”

“எங்களையெல்லாம் மறைச்சுக்கொண்டு நடுவிலை நிண்டானே, அவன் ஆர்?”