இருபத்து நாலாவது பெயர்

"கடைசிப் பேரைக் கோடு போட்டு அடிச்சிருக்கேன் பாரும்மா. அது வேணாம்" என்றான் கண்ணன்.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பொற்கொடியின் டிடிபி கடை. துபாயில் பத்து வருடம் உழைத்துக் கட்டிய வீட்டுக்குப் புதுமனை புகுவிழா பத்திரிகை அடிக்க, மனைவி சுகுணாவோடு வந்திருந்தான்.

கோடு போட்ட பெயர் அவன் தங்கை செவந்தியுடையது. தானாக மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு போனவள். ஆறு வருடமாகப் பேச்சில்லை.

"கூடப் பொறந்தவ வராம யாருங்க பால் காய்ச்சுறது?" சுகுணாவின் குரல் உடைந்தது.

"நீ சும்மா இரு."

பொற்கொடி இருவரையும் ஒரு முறை பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரில் சொந்தக்காரர் பெயர்களை இரண்டு பத்தியாகப் பிரித்தாள்.

"அண்ணே, மொத்தம் இருபத்து மூணு பேரு. இங்கிட்டு பன்னெண்டு, அங்கிட்டு பதினொண்ணு. ஒரு பக்கம் குட்டையா நிக்குது."

"மூணு பத்தியாப் போடு."

போட்டாள். "எட்டு, எட்டு, ஏழு. ஒண்ணு கொறையுதுண்ணே."

"நாலு?"

"அதுலயும் கடைசியில ஒண்ணு கொறையுது."

"அப்ப ஒரு பேரை எடுத்துரு."

"யாரை எடுக்க?"

கண்ணன் பட்டியலை மேலிருந்து கீழே படித்தான். பெரியப்பாவை எடுத்தால் ஊர் முழுக்கச் சொல்லித் திரிவார். மச்சானை எடுத்தால் வீட்டில் சோறு கிடைக்காது.

பின்னால் கபடிப் போட்டி நோட்டீஸுக்காகக் காத்திருந்த ஜெபக்குமாருக்குப் பொறுமை போய்விட்டது. வேலை தெரியாத பொண்ணுகிட்ட வந்து மாட்டிக்கிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கண்ணன் திரையையே பார்த்தான். புது வீட்டுப் பத்திரிகை இப்படி ஒரு பக்கம் மொட்டையாக இருக்கலாமா?

"சரி, செவந்தியச் சேத்துக்க." கொஞ்சம் பொறுத்து, "ஏம்மா, அவ புருஷன் பேரும் அதே வரியில அடங்குமா?" என்றான்.

"தாராளமா அடங்கும்ணே. பேரு?"

"செம்மல்."

ஆறு வருடத்தில் அந்தப் பெயரை அவன் வாயால் சுகுணா கேட்டது அன்றுதான். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கூடவே சிரிப்பும் வந்தது.

அவர்கள் படியிறங்கியதும் ஜெபக்குமார் தன் தாளை நீட்டினார்.

"எங்க விழாக்குழுவுல பதினேழு பேரும்மா. இன்னொரு ஆளுக்கு நான் எங்க போறது?"

"அதெதுக்குண்ணே?" என்றாள் பொற்கொடி. "இங்கிட்டு எட்டு, அங்கிட்டு எட்டு. மிச்ச ஒருத்தரைக் கீழ நடுவுல போட்டா முடிஞ்சுது!"